டீசல் கார்: பழுது தெரியும் இடம் வேறு, தொடங்கிய இடம் வேறு

பழைய டீசல் கார் பார்க்கக் கிளம்பும் முன் விற்பவரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வந்து சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனவுடன் பானட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். தேய்ந்த பிஸ்டன் ரிங், செத்துப்போன க்ளோ ப்ளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் முனை), வலுவிழந்த பேட்டரி, சொட்டுகிற இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் கருவி) எல்லாமே ஆறிக் கிடக்கும் இன்ஜினில்தான் தங்களைக் காட்டிக்கொள்ளும். ஒருமுறை சூடேற்றி வைத்துவிட்டால் பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

டீசலில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காற்றை 16:1, 18:1 என்ற அளவுக்கு நெருக்கி, அதில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அதனால் அழுத்தம் எங்கே கசிந்தாலும் முதலில் அடிபடுவது காலை ஸ்டார்ட்டிங். சாவியைத் திருப்புங்கள், சுருள் கம்பி படம் போட்ட விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடியுங்கள். நல்ல வண்டி ஓரிரு வினாடியில் பிடித்துக்கொள்ளும். செல்ஃபே மந்தமாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல் வரும் வழியில் கோளாறு. ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின்களில், பெரும்பாலும் ரெயிலுக்குள் சுமார் 200 பார் அழுத்தம் சேர்ந்தால்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கும். காற்று இழுக்கும் பைப், அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப் என்று எது இருந்தாலும் அந்த அழுத்தம் சேர நேரமாகும்.

ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்பது அவசியம். அந்த முதல் அரை நிமிடப் புகை திரும்பக் கிடைக்காது. கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் ஏதோ ஒரு சிலிண்டரில் க்ளோ ப்ளக் வேலை செய்யவில்லை, அல்லது கம்ப்ரஷன் குறைவு. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் ஒரு இனிப்பு வாடையும் இருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. இன்ஜின் தலையின் அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டோ, சைலன்சர் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆரின் கூலரோ ஒழுகுகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. கறுப்பு என்றால் டீசலுக்குத் தகுந்த காற்று போகவில்லை. கறுப்புப் புகையைக் கண்டதும் இன்ஜெக்டர் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. கிழிந்த டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) ஹோஸ், அடைத்த ஏர் ஃபில்டர், மூடாமல் சிக்கிய ஈஜிஆர் வால்வு இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டருக்கு வர வேண்டும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே துளையின் மேல் வையுங்கள். லேசாக நடுங்கினால் ஒன்றுமில்லை. மூடி துள்ளி விழுந்தால், துளையிலிருந்து புஸ் புஸ் என்று புகை தள்ளினால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான்: பிஸ்டனைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது. ஆனாலும் உடனே இன்ஜின் வேலை என்று தீர்மானிக்க வேண்டாம். இன்ஜின் அடிப்பாகத்து வாயுவை வெளியேற்றும் க்ராங்க் கேஸ் ப்ரீதர் அடைத்திருந்தாலும் மூடி இப்படியே குதிக்கும். ப்ரீதர் ஹோஸைக் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். அப்போதும் குதித்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் அந்த வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். டீசலில் ஒரு சிலிண்டருக்கு 20 முதல் 30 பார் வரை வரும். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதிதாக மாற்றிய ஆயில்கூட டீசலில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டியது அளவைப் பார்த்து. டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா? விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணீராக ஓடுகிறதா? முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறதா? மூன்றும் ஆமென்றால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் போனால் அந்த வண்டியின் முழு வரலாறும் கிடைத்துவிடும்.

அந்தப் பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நவீன டீசல் கார்களில் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் அதைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க, எரிதல் முடிந்த பிறகும் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைப் பீச்சுகிறது. வண்டி தொடர்ந்து ஓடினால் பத்து இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் எரிப்பு பாதியில் நின்றுபோகும். கரி எரியாது, பின்னால் பீச்சிய டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கும். நீர்த்துப்போன ஆயில் முதலில் கொல்வது டர்போவின் பேரிங்கை. கடைசியில் வண்டி டர்போ போய்விட்டது என்று ஒர்க்ஷாப்புக்கு வரும். டர்போவை மட்டும் மாற்றி அனுப்பினால் அடுத்த டர்போவும் அதே வழியில் போகும்.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். நீண்ட தூரம் ஓடும் வண்டியிலும் டிபிஎஃப் அடைக்கிறது என்றால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. 90 டிகிரியில் நிற்க வேண்டிய கூலன்ட் 65, 70லேயே சுற்றிக்கொண்டிருக்கும். இன்ஜின் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் கரி எரிப்பையே தொடங்காது. ஒரு சின்ன வால்வு அதற்குப் பல மடங்கு விலையுள்ள வடிகட்டியைத் தின்றுவிடுகிறது. டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் 75 முதல் 105 வரை எங்கிருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இதனால்தான் ஓடிய கிலோமீட்டரைவிட ஓடிய விதம் முக்கியம் என்கிறோம். நெடுஞ்சாலையில் 1,50,000 கிலோமீட்டர் ஓடிய டீசல், ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் 40,000 ஓடிய டீசலைவிடப் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கும். விற்பவரிடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு, தினமும் எங்கே போய் வந்தீர்கள் என்றும் கேளுங்கள். உங்கள் ஓட்டமும் தினம் ஐந்து கிலோமீட்டர்தான் என்றால் டிபிஎஃப் உள்ள டீசலே வாங்க வேண்டாம். இதை மனதாரச் சொல்கிறோம். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் அந்தப் பழக்கம் அதைக் கெடுத்துவிடும்.

டிபிஎஃப் உள்ளே இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி சைலன்சர் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். நல்ல டிபிஎஃப் உள்ள வண்டியில் துணி லேசான சாம்பல் நிறத்துக்கு மேல் போகாது. மைபோல அப்பிக்கொண்டால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு வெளிக்கூட்டை மட்டும் மூடி வெல்டு வைத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் டிபிஎஃப் அழுத்த வித்தியாசம் என்ற எண்ணும் வரும். ரேஸ் கொடுக்கும்போதும் அது பூச்சியத்திலேயே நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது சென்சாரின் ஹோஸ் கழன்று கிடக்கிறது. குடைந்து எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். அது இல்லாவிட்டாலும், அந்தக் கரியை மற்றவர்கள் மூச்சில் இழுக்கிறார்கள் என்ற ஒரு காரணமே போதும் வேண்டாம் என்று சொல்ல.

ஸ்கேனரைச் செருகியிருக்கும்போதே இன்னும் ஒன்று. ஃபால்ட் கோட் (பழுதுக் குறியீடு) எதுவும் இல்லை என்று வந்தால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். கோட் அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு பதிவு பல வண்டிகளில் கிடைக்கும். அதில் 8 கிலோமீட்டர் என்று இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள்.

இன்ஜெக்டருக்கு வருவோம். இன்ஜின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் அடியில் தார் ஊற்றியதுபோல் கறுப்பாக, கெட்டியாக ஏதாவது அப்பியிருக்கிறதா? கூடவே சுக், சுக் என்று காற்று தள்ளும் சத்தம் கேட்கிறதா? இன்ஜெக்டருக்கு அடியில் உட்காரும் செம்பு வாஷர் ஒழுகுகிறது. வாஷரின் விலை அற்பம். ஆனால் அப்படியே ஓட்டினால் அந்தத் தார் இறுகி, இன்ஜெக்டரைப் பிடுங்குவதே பெரிய போராட்டமாகிவிடும். உட்காரும் தளமும் அரித்துவிடும். மாற்றும்போது பழைய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது, தளத்தைச் சுத்தம் செய்யாமல் புதியதையும் வைக்கக் கூடாது.

இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறதா என்பதை அறிய ரிட்டர்ன் டெஸ்ட் என்று ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி, தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு, சூடான இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓட விட வேண்டும். நான்கு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று மடங்கு சேர்ந்திருந்தால், அதுதான் ரெயில் அழுத்தத்தைத் தின்கிற இன்ஜெக்டர். சூட்டில் டீசல் இளகி இன்னும் அதிகமாகக் கசிவதால் இந்தக் குறை மட்டும் காலையில் தெரியாமல் போகலாம். அதனால் ஓட்டிப் பார்த்து வந்ததும் வண்டியை அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடியும் செல்ஃப் அடியுங்கள். குளிரில் உடனே பிடித்து, சூட்டில் நீண்ட நேரம் சுற்ற வைத்தால் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் மேல் பொறித்த குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் வண்டி கடகடவென்று அடிக்கும், புகையும் தள்ளும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ரிட்டர்ன் பைப் குறைந்த அழுத்தம், அதைத் தொடலாம். ஆனால் இன்ஜின் ஓடும்போது ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பழைய வண்டிகளில் எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை (மிஸ்ஸிங்) என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயிலில் ஓட்டத்தின்போது 1,600 பாருக்கு மேலும் போகும். ஐடிலிலேயே 250, 300 பார் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அதை அலட்சியப்படுத்தினால் விரலையோ கையையோ இழக்க நேரும். பட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

டர்போவைப் பார்க்க, காற்று உள்ளே போகும் ஹோஸைக் கழற்றி, அணைத்த இன்ஜினில் டர்போ தண்டின் நட்டுமுனையை இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தால் தவறில்லை; ஆயில் படலத்தில் மிதப்பதற்காக விட்ட இடைவெளி அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் உணரவே கூடாது. இறக்கைகளின் ஓரம் சுவரில் உரசிப் பளபளப்பாகக் கோடு விழுந்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. இன்டர்கூலர் ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் சகஜம், குட்டை கட்டி நிற்பது சகஜமல்ல. ஓட்டும்போது ஆம்புலன்ஸ் சைரன் போல ஏறி இறங்கும் ஊளை கேட்டால் வாங்க வேண்டாம். மேட்டில் ஏறும்போது திடீரென்று பிக்கப் செத்து, அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது என்றால் டர்போவின் உள் இறக்கைகள் கரியில் சிக்கியிருக்கலாம். அதற்கு முன் வேக்குவம் ஹோஸ்களைப் பாருங்கள். பென்சில் தடிமன்கூட இல்லாத அந்த ரப்பர் குழாய்கள் சூட்டில் வெடித்துக் கசிந்தாலும் இதே அறிகுறிதான்.

இனி ஓட்டிப் பார்ப்பது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல், ஒரு மேடும் வேகச் சாலையும் இருக்கும்படி. நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். சுழற்சி முள் ஏறி, வண்டி ஏறாவிட்டால் க்ளட்ச் வழுக்குகிறது. க்ளட்ச்சை மிதிக்கும்போதும் விடும்போதும் இன்ஜின் சத்தம் மாறி, அணைக்கும்போது கடகடவென்று ஓர் உதறல் வந்தால் இன்ஜின் அதிர்வைத் தாங்கும் இரட்டைச் சக்கரமான டூயல் மாஸ் ஃப்ளைவீல் தளர்ந்துவிட்டது. க்ளட்ச்சோடு சேர்த்து மாற்ற வேண்டிய செலவு இது. விலை பேசுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். டீசல் இன்ஜின் கனமானது என்பதால் முன்பக்க புஷ்ஷும் இன்ஜின் மவுன்ட்டும் சீக்கிரம் தேயும். பிரேக், டயர், ஸ்டியரிங் எல்லாம் எந்தக் காருக்கும் உள்ளதுதான்.

தூரத்தைத் திருத்தியிருக்கிறார்களா என்பதற்கு ஓட்டுநர் சீட்டின் ஓரம், க்ளட்ச் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 50,000 காட்டும் வண்டியில் மிதி ரப்பர் வழுக்கையாக இருக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். நின்றிருந்தால் அடியில் சேற்றுக் கோடு இருக்கலாம்.

வால்வுகளைப் பிஸ்டனோடு இசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி கெடு வேறு, தூரக் கெடுவோடு ஆண்டுக் கெடுவும் உண்டு. எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர், அதைத் தாங்கும் ஐட்லர், அந்தப் பெல்ட்டிலேயே ஓடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். பெரும்பாலும் இன்ஜின் தலையே போய்விடும். செயின் உள்ள இன்ஜினில் காலை முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு வினாடிக்கு மேல் சலசலப்பு நீடித்தால் கவனியுங்கள்.

வாங்கிவிட்டீர்கள். முதல் வாரத்திலேயே ஆயிலும் எல்லா ஃபில்டர்களும் புதிதாகட்டும். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன தரக் குறியீடு டப்பாவின் மேல் அப்படியே இருக்க வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயிலின் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கி நிரந்தரமாக இடத்தை அடைத்துக்கொள்ளும். கையேடு 20,000 அல்லது 30,000 கிலோமீட்டர் கெடு கொடுத்திருந்தாலும், பழைய டீசலில் 10,000க்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது, அதைத் தாங்குவது அந்த ஆயில் படலம் மட்டும்தான்.

டீசல் ஃபில்டரைக் கழற்றியதும் தூக்கி எறியாதீர்கள். உள்ளே இருக்கும் டீசலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் குமிழ்குமிழாகத் தனியே பிரிந்து நிற்பது தண்ணீர். அது கொஞ்சம் இருந்தால் இனி அடிக்கடி வடித்துவிட வேண்டும். டீசலுக்குள் வெள்ளித்தூள்போல் மினுமினுப்பு மிதந்தால் விஷயம் வேறு: உயர் அழுத்தப் பம்ப் உள்ளே தேய்ந்து உதிர்கிறது. அந்தத் துகள் ரெயிலுக்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் போயிருக்கும். முடிந்தால் இந்தச் சோதனையை வாங்குவதற்கு முன்பே, என் செலவிலேயே புது ஃபில்டர் போட்டுத் தருகிறேன் என்று விற்பவரிடம் சொல்லியாவது செய்துவிடுங்கள். புது ஃபில்டர் போட்டதும் கையேட்டு முறைப்படி ப்ரைம் செய்து காற்றை எடுக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பதும் பம்பைத் தேய்க்கும், அதை நனைத்து வழவழப்பாக வைத்திருப்பது டீசல்தான்.

அதே காரணத்தால்தான் தவறிப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பக் கூடாது. பல வண்டிகளில் சாவி திரும்பியதுமே டாங்க்கிலுள்ள பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் நிறுத்தி, டாங்க்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யத் தனி டாங்க்கில் ஊற்றும் திரவம்) உள்ள வண்டியில் அந்த நீலமூடியைக் குழப்பிக்கொண்டு டீசல் டாங்க்கில் ஊற்றினாலும் இதேதான்.

க்ளோ ப்ளக் சரியா என்று பார்க்க வயரைக் கழற்றி மல்டிமீட்டரால் ப்ளக் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். சாதாரண ப்ளக்கில் சுமார் 1 ஓம் வரும், தொடர்பே காட்டாவிட்டால் செத்துவிட்டது. கழற்றுவது இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெதுவாக. முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். உள்ளேயே முறிந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம்; பழுக்கக் காய்ந்த க்ளோ ப்ளக்கில் பட்டு உள்ளேயே வெடிக்கும்.

ஓட்டத்தில் கரி எரிப்பு நடக்கிறதா என்பதற்கு அடையாளங்கள் உண்டு: ஐடில் சுழற்சி சற்று ஏறியிருக்கும், சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும் வசதி வேலை செய்யாது, நிறுத்தினால் ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றும், ஒரு சூட்டு வாடை அடிக்கும். அப்போது வீடு வந்துவிட்டாலும் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். காய்ந்த புல், சருகு மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். நீண்ட வேக ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது டர்போவுக்கு நல்லது.

வாங்கிய முதல் 1,000 கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை, சமதளத்தில், காலையில், ஆயிலையும் கூலன்ட்டையும் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆயில் இறங்கினால் டர்போ, ரிங், கசிவு. ஏறினால் கரி எரிப்பு முடியவில்லை. கூலன்ட் இறங்கி வெளியே ஒழுகல் தெரியாவிட்டால், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். இன்னும் சூடேறாத ஹோஸ் கல்போல் இறுகியிருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் போகிறது; ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கக் கொடுங்கள். இரண்டு அளவும் அப்படியே நின்றால், பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.